மச்சத்தின் மேல் ஒட்டிய இதயம்

மேற்கு வர்ஜீனியாவின் அந்தச் சிற்றூரில், பள்ளி நடன விழா நெருங்கினால் கவுன் தைக்கும் ஷெல்பியின் சிடுசிடுப்பும் கூடிவிடும்.

"மறுபடியும் விளக்குப் படுக்கையில போய் வெந்துட்டு வந்திருக்கியா?"

"கொஞ்சம் நிறம் ஏத்துனேன், மிஸ் ஷெல்பி. வெள்ளைக் கவுனுக்கு எடுப்பா இருக்கும்ல?" என்றாள் அளவு கொடுக்க வந்த டெலேனி.

பதினேழு வயதில் ஷெல்பியும், வெயிலில் காய்ந்தாற்போல் தோலைப் பழுப்பாக்கும் அந்த விளக்குகளுக்கு அடியில் இப்படித்தான் போய்ப் படுத்தாள். தோல் எவ்வளவு பழுப்பேறியது என்று பார்க்க, பெண்கள் இடுப்பில் இதய வடிவ ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வார்கள்; அதன் அடியில் மட்டும் தோல் வெளுப்பாகவே இருக்கும். இவள் அதைத் தோளிலிருந்த மச்சத்தின் மேல் ஒட்டினாள். மச்சத்தை மூடிவிட்டால் ஆபத்தில்லை என்று அவளுக்கு நினைப்பு.

அன்று இந்தக் கடையை நடத்திய வெர்னா, கவுனுக்கு ஊசி குத்தும்போது வெளுத்த இதயத்தின் நடுவே ஓரம் பிசிறிய கரிய மச்சத்தைக் கண்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வா. அதுவரைக்கும் கவுன் கிடையாது."

ஷெல்பி அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனாள். தோல் புற்றுநோய். ஆரம்பம் என்பதால் வெட்டி எடுத்ததோடு போயிற்று. அந்தப் பிடிவாதக்காரியை இன்றும் நன்றியோடு நினைக்காமல் அவள் கடை திறப்பதில்லை.

ஷெல்பி இதைச் சொல்லி முடித்ததும் டெலேனி தன் தோளை மெல்லத் தடவிப் பார்த்தாள். "அப்போ அந்தக் கவுனைப் போடவே இல்லையா?"

"போட்டேனே. தோள்ல பெரிய கட்டோட," என்றாள் ஷெல்பி. "அவ்வளவு எடுப்பா இருந்துச்சு."