குதிரைப் பந்தயமும் ஒரு டம்ளர் கஞ்சியும்

எங்கள் தாம்பரம் சர்ச்சில் வருஷா வருஷம் கிரிக்கெட் போட்டி நடத்தி, ஒரு விழா மலரும் போடுவார்கள். போன வருஷம் அதற்குச் செயலாளர் என் அண்ணன். நான் ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர். "பழைய மெட்ராஸ்ல ஸ்போர்ட்ஸ் எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு" என்று என் தலையில் கட்டிவிட்டான்.

பெரும் பஞ்சம் வந்த தாது வருஷத்தை, 1876-77ஐ, எடுத்துக்கொண்டேன். அந்த வருஷத்துப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. கிண்டியில் குதிரைப் பந்தயம், சேப்பாக்கத்தில் கிரிக்கெட், கவர்னர் வீட்டில் நடனம், துரைசானிகளுக்குப் பந்தல், பேண்டு வாத்தியம். அதே பக்கத்து ஓரத்தில், பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் மெட்ராஸ் தெருக்களில் செத்துக் கிடந்த சேதி. அடப்பாவிகளா, ஆட்டத்துக்கு அரைப் பக்கம், இதற்கு நாலு வரியா!

எங்கள் வீட்டுக்கு அது வெறும் சரித்திரமில்லை. அப்பாவின் கொள்ளுப்பாட்டி அந்தப் பஞ்சத்தில் கைக்குழந்தையோடு வந்து, பக்கிங்காம் கால்வாயில் மண் சுமந்தவள். இன்றைக்குச் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பார்க்கிற அதே கால்வாய்தான். பாதிரிமார் வைத்த கஞ்சித் தொட்டிதான் அவளை உயிரோடு வைத்தது. அந்த நினைப்பில், போட்டியன்று பிரியாணிக்கு முன்னால் எல்லாருக்கும் ஒரு டம்ளர் கஞ்சி கொடுப்பது அப்பாவின் வழக்கம். ஆடுகிறவர்கள் வெயிலுக்கு என்று நினைத்துக் குடிப்பார்கள்.

அவளைப் பற்றியும் ஒரு பத்தி எழுதி, அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்பத்தெட்டு வயசு மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்க பேர்கூட நமக்குத் தெரியாதும்மா. இதாவது அச்சுல வரட்டும்" என்றார்.

அண்ணன் படித்துவிட்டுத் தாம்தூம் என்று குதித்தான். "விளம்பரம் குடுத்த கம்பெனிக்காரங்கல்லாம் வர்றாங்க, அவங்க கையில இதையா குடுக்கச் சொல்ற? கஞ்சிக்காக வேதத்துல சேர்ந்த குடும்பம்னு ஸ்கூல்ல என்னை எப்படி ஓட்டினானுங்க, மறந்துட்டியா? இப்ப நாமளே அச்சடிச்சுக் குடுக்கணுமா?" கடைசியில் அவன் குரல் உடைந்துபோனது.

கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நானே அந்தப் பத்தியை எடுத்தேன், பஞ்சத்தைப் பற்றி எழுதியதையும் சேர்த்துத்தான். அப்பாவிடம் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

போட்டியன்று மலர் பளபளவென்று வந்தது. என் கட்டுரைக்குக் குதிரைப் படம் போட்டிருந்தார்கள். மைக்கில் பாராட்டினார்கள், கைதட்டினார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

சாப்பாட்டு நேரம். ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலியில் இருந்த அப்பாவிடம் அண்ணன் ஒரு டம்ளரை நீட்டினான்.

"கஞ்சி எங்கடா?"

"இந்த வருஷம் லெமன் ஜூஸ்ப்பா."

அப்பா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். மடியிலிருந்த மலரைத் திறந்து, என் கட்டுரையில் விரல் வைத்து வரி வரியாகத் தேடினார். ரெண்டு பக்கமும் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"அவங்க எங்க இருக்காங்கம்மா? கண்ணாடி மாத்தணும் போல, எனக்குத் தெரியல" என்றார்.

"இல்லப்பா. நான்தான் எடுத்துட்டேன்."

அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா மலரை மூடி என் கையில் கொடுத்தார்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு. என்னை வீட்ல கொண்டுபோய் விட்டுடுங்க."