அடுப்புக்கு மேலே காய்ந்த டென்ட்

டென்ட் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எத்தனை வீடியோ பார்த்திருப்பேன்! எந்த முளையில் எந்தக் கயிறு, காற்றுக்கு எந்தப் பக்கம் முதுகைக் காட்ட வேண்டும், எல்லாம் அத்துப்படி. ஆனால் அந்த வீடியோக்களின் கடைசியில் கழுவிக் காயவைப்பதைப் பற்றிச் சொல்வார்களே, அதை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. அதற்குள் அடுத்த மலைக்குத் தாவிவிடுவேன்.

கம்பஸில் கூடப் படிக்கும் தோழிகளோடு டயகம மலைப் பக்கம் போய் வந்தபோது டென்ட் முழுக்கச் சேறு. நாங்கள் தண்ணீர் பிடித்துத் துணி துவைக்கிற பீலிக்குத் தூக்கிப்போனேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகையில் பனி நனைக்காமலிருக்க அம்மா இடுப்பில் கட்டுகிற படங்கு இருக்கிறதே, அதைக் கழுவும் விதம் ஒன்றுதான் நான் கண்டது. சவர்க்காரத்தூள் போட்டு, பிரஷால் தேய்த்து, கல்லில் நாலு அடி. டென்ட்டுக்கும் அதையே செய்தேன்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய தோட்டத்து வரிசை வீடுகள் எங்கள் லயம்; மழைக்காலத்தில் அங்கே எதுவும் வெளியே காயாது. பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து கம்பளி வரை எல்லாமே அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில்தான். டென்ட்டும் அங்கே மூன்று நாள் தொங்கியது.

"ஏன்டி, வீட்டுக்குள்ள துணி காயப்போடுவாங்க. நீ வீட்டையே காயப்போட்டிருக்க" என்றார் அம்மா, ரொட்டியைத் திருப்பிக்கொண்டே.

மடிக்கும்போது அதன் உட்பக்கம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. வெயிலில் உரியும் தோல்போல மெல்லிய துகள்கள் உதிர்ந்தன. நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். அடுத்த பயணத்துக்கு முன்னால் கவனித்துக்கொள்ளலாம் என்று பைக்குள் திணித்துவிட்டேன்.

அடுத்த பயணத்துக்கு முன்னால் பெருமழை வந்துவிட்டது. எங்கள் லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்பு விட்டிருந்தது. கிராம சேவகர் வந்து, எல்லாரும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றார். ஒரே மண்டபத்தில் மூன்று லயத்துச் சனம். பெரியம்மா மகள் அக்காவுக்குப் பிள்ளை பிறந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. அத்தனை பேருக்கு நடுவே பால் கொடுக்கக் கூச்சப்பட்டு, அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.

எனக்கு ஒரே துடிப்பு. மழை சற்று விட்ட நேரத்தில், மண்டபத்துக்கு வெளியே புல்தரையில், கையோடு தூக்கி வந்திருந்த டென்ட்டை அடித்தேன்.

"அக்கா, வாங்க. நிம்மதியாப் பால் குடுக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது."

"நெசமாவா? எனக்கென்னா, நா நனைஞ்சா காஞ்சுக்குவேன். பிள்ளைக்குத்தான் பயமா இருக்கு."

"என்னை நம்புங்கக்கா."

நம்பினார். அவர் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் மழை மறுபடி பிடித்தது. நான் மண்டபத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். டென்ட்டைப் பற்றி எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டும் இருந்தேன். அதையும் மறைக்கக் கூடாது.

முக்கால் மணி நேரம் கழித்து அக்காவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் வாசலைத் திறந்தேன். தையல் தையலாக ஒழுகிக்கொண்டிருந்தது. தையலில்லாத இடத்திலும் துணி வியர்த்து வடிந்தது. பிள்ளைக்கு மாற்றக் கொண்டுவந்த துணியெல்லாம் தண்ணீரில் கிடந்தது. கொட்டுகிற மழையில் இறங்க முடியாமல் அக்கா பிள்ளையின்மேல் கவிழ்ந்து, தன் முதுகையே கூரையாக்கி உட்கார்ந்திருந்தார்.

"கூப்பிட்டேன்" என்றார். "மழைச் சத்தத்துல ஒனக்குக் கேக்கல."

அம்மாவும் இரண்டு பெண்களும் படங்குகளை விரித்துப் பிடித்து இருவரையும் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். சாயங்காலத்துக்குள் பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். வழியில் மண் சரிந்து கிடந்த இடத்தில் இறங்கி, அக்கா பிள்ளையோடு நடந்தே தாண்டினாராம். அப்புறம் நான்கு நாள் ஆஸ்பத்திரி. அந்த நான்கு நாளும் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பிள்ளை பிழைத்து வந்தது.

மழை ஓய்ந்து லயத்துக்குத் திரும்பிய பிறகு, அந்த வீடியோக்களின் கடைசிப் பகுதிகளை உட்கார்ந்து பார்த்தேன். சவர்க்காரத்தூள் கூடாது, பிரஷ் கூடாது, சூடு கூடவே கூடாது. வெறும் தண்ணீர், மெல்லிய துணி, நிழல். தண்ணீர் புகாமலிருக்க உட்பக்கம் பூசியிருந்த பூச்சுதான் உரிந்திருந்தது; அதை ஈரத்துணியால் ஒரு வாரம் தேய்த்து எடுத்தேன். புதிதாகப் பூசினேன். ஒவ்வொரு தையலுக்கும் பசை வைத்தேன். நாள்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

லயத்து வாசலில் டென்ட்டை அடித்துவிட்டு நின்றபோது, அக்கா பிள்ளையோடு வந்தார்.

"திரும்ப மழைன்னு சொல்றாங்க. இது இப்ப ஒழுகாதுல்ல?"

வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

"தெரியலக்கா. இன்னும் தண்ணி ஊத்திப் பாக்கல."

அவர் பிள்ளையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குனிந்து டென்ட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஊத்து. நா உள்ளயிருந்து சொல்றேன்."

வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினேன். "இங்க இல்ல… இங்கயும் இல்ல…" என்று அவர் குரல் தையலோடு நகர்ந்தது. மூன்றாவது வாளியில் நின்றது.

"வலது மூலை. கால்மாட்டுல. ஒண்ணு விழுது. இரு… இன்னொண்ணு."

அந்த இடத்தில் சோக்குக் கட்டியால் வட்டம் போட்டேன்.

"போதும், வெளிய வாங்கக்கா. நனையிறீங்க."

"இன்னும் பின்பக்கம் பாக்கல" என்றார். "ஊத்து."