சோதனை எழுதாத திருத்தம்

2023 நவம்பர் 14, காலை ஒன்பது பத்து, தெப்ராவில் என் வீட்டுக்கு வெளியே அடைமழை. ஓய்வுபெற்ற விரிவுரையாளர்களான செல்வமும் நானும், ஃபங்ஷன் எனும் சிறு நிரல்துண்டுகளை மட்டுமே கொண்டு எழுதும் ஒரு நிரல்மொழிக்கு, அதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் எழுதிவந்தோம். ஃபங்ஷன் தன்னையே எத்தனை முறை அழைத்தாலும் நினைவகம் நிரம்பாதபடி ஒரு திருத்தம் அனுப்பிவிட்டு, மூவார் மருத்துவமனையிலிருந்து செல்வம் போன் செய்தான்.

“பதினொரு மணிக்கு ஆபரேஷன். அதுக்குள்ள கம்பைலர்ல சேர்த்துடுலா.”

“சரியா ஓடுதான்னு பார்க்குற சோதனை எழுதாம எப்படிடா? நீ போட்ட ரூல்தானே?”

“அலமாக், உன்கிட்டப் போய் மாட்டுனேன் பாரு!” சிரித்தான். “சரி, வந்து எழுதுறேன்.”

அறுவை சிகிச்சையிலேயே இறந்துபோனான்.

தகனம் முடிந்து வந்து சோதனையை நானே எழுதினேன். பத்து லட்சம் அழைப்புகள்; ஒரு பிழையும் இல்லை. சேர்த்தேன். இருபது நிமிட வேலை. அவன் கேட்டபோதே செய்திருக்கலாம். தகனத்துக்கு மூவார் போய்வந்த பெட்ரோல், டோல், மலர்மாலை எல்லாம் சேர்த்து நூற்று எண்பத்தாறு ரிங்கிட்.