கொடுக்கப் போகிறவளுக்கு எந்தத் துண்டு?

மதுரையில் அந்த மருத்துவமனையின் நடைகூடத்தில், ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே எடை பார்க்கும் எந்திரம் ஒன்று இருந்தது. அதில் ஏறி நின்ற அன்று எனக்கு எந்த நோயும் இல்லை. நோய் என் தம்பி அன்வருக்கு. நான் அவனுக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்தவள். முள் நின்ற இடத்தைப் பார்த்த செவிலியர் என்னை இறங்கச் சொல்லி, மறுபடியும் ஏறச் சொன்னார். முள் மறுபடியும் அங்கேயே போய் நின்றது.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "ரத்தம் பொருந்துது, திசு பொருந்துது. எடைதான் ரொம்ப அதிகம்மா. இந்த எடையோட உங்க மேல நான் கத்தி வைக்க மாட்டேன். பத்துக் கிலோ குறைச்சுட்டு வாங்க" என்றார். அன்வர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இது 2005இல் நடந்தது. அன்வர் கம்பம் பக்கத்துக் கூடலூரில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறி இறங்குகிற வேலை. காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கும். தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டத் தொடங்கியபோதுதான் தேனிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தோம். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்ட கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று காட்டும் அளவு) எகிறிப் போயிருந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் (எந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்தம் செய்வது). அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் கொடுக்க முடியாது. அவன் மனைவி மும்தாஜின் ரத்தப் பிரிவு வேறு. மிஞ்சியது நான்.

நான் ஒல்லியாக இருந்தவள் அல்ல. ஆனால் அந்த முள் அவ்வளவு தூரம் போனதற்கு நான் மட்டும் காரணமும் அல்ல. நான் கொடுக்கப் போகிறேன் என்ற செய்தி சொந்தத்துக்குள் பரவியதும், கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் கோழியும் கையுமாக ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் வீட்டில் வளர்ந்த பெட்டைக்கோழிகள். இருப்பதிலேயே கொழுத்ததாகப் பார்த்துப் பிடித்து வருவார்கள். அறுத்தால் உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு திரண்டு நிற்கும். அது மரியாதை. மெலிந்த கோழியைக் கொண்டு வந்தால் கொடுக்கிறவளுக்கும் அவமானம், வாங்குகிறவளுக்கும் அவமானம்.

அம்மா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து காவல் காப்பார். "ஏத்தா, ஒடம்புல இருந்து ஒண்ண எடுத்துக் குடுக்கப் போறவ. திண்டாத்தான தெம்பு இருக்கும்? இன்னுங் கொஞ்சம் வையி." மதுரைக்குப் போவதற்கு முன் இப்படியே இரண்டு மாதம் போனது. தம்பிக்குக் கொடுக்கத்தான் தேறுகிறேன் என்று நானும் நம்பினேன். கடைசியில் அந்தத் தேறுதலே குறுக்கே வந்து நின்றது.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கோழி ஆணம் (குழம்பு) வைத்தால், யாருக்கு எந்தத் துண்டு என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. கால் ஆண்களுக்கும் விருந்தாளிக்கும். ஈரல் பிள்ளைகளுக்கு. நெஞ்சுக்கறி சவசவ என்று இருக்கும் என்பதால் சட்டியிலேயே கிடந்து, மறுநாள் உதிர்த்து வறுக்கப்படும். கழுத்தும் இறக்கையும் முதுகெலும்பும் பெண்களுக்கு. நாற்பத்தொரு வயதில்தான் என் தட்டில் முழுக்கால் விழுந்தது. அம்மாவே எடுத்து வைத்தார். பெருமையாக இருந்தது. சொல்வதற்கென்ன, ருசியாகவும் இருந்தது.

அந்தக் கால் துண்டுக்குத்தான் மருத்துவமனையின் உணவியல் நிபுணர் முதலில் தடை போட்டார். சின்ன வயசுப் பெண். பேசும்போதே தாளில் படம் போட்டுக் காட்டுவார். கலோரி என்றால் என்னவென்று அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன்: சாப்பாடு நமக்குள் எரிந்து எவ்வளவு சூடு தரும் என்ற கணக்கு, எரியாமல் மிஞ்சுவது கொழுப்பாக உடம்பில் தங்கிவிடும். "ஆட்டுக்கறியை நிறுத்துங்க. கோழி சாப்பிடலாம். நெஞ்சுப் பகுதி, தோல் இல்லாம, உங்க உள்ளங்கை அளவு" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நான் இத்தன வருசமா இறக்கையும் கழுத்துந்தானம்மா திண்டேன்? அதுல கறியே கெடையாதே. பெறகு எப்படிக் குண்டானேன்?"

அவர் சிரித்துவிட்டார். "கறி இல்லைதான். மிச்சம் என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் கணவர் ஏலக்காய் வாங்கி விற்கிறவர். மாதிரிக்காய் நிறுக்கச் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. கறிக்கடையில் "தோலோடவா, உரிச்சா?" என்று கேட்டபோது, வேண்டுமென்றே தோலோடு ஒரு கோழி வாங்கி வந்தேன். தராசின் மேல் வாழையிலைத் துண்டை விரித்து, ஒவ்வொரு துண்டாக நிறுத்தேன். பிறகு தோலை உரித்து, எலும்பை எடுத்து, தனித்தனியாக நிறுத்தேன்.

நெஞ்சுத் தோல் ஒரே இழுப்பில் கழன்று வந்தது. அடியில் வெள்ளைக் கறி, வேறு ஒன்றுமில்லை. கீழ்க்காலிலும் தோல் சுலபமாகவே வந்தது. தொடையில்தான் கறிக்கு இடுக்கில் எல்லாம் மஞ்சள் கொழுப்பு ஒளிந்திருந்தது. இறக்கையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. உரித்து முடித்தபோது தோல் ஒரு குவியல், எலும்பு ஒரு குவியல். கறி ஒரு கரண்டிக்குக் காணாது. எலும்பைக் கடிக்கிறேன் என்று நினைத்து இத்தனை வருடமும் தோலைத்தான் தின்றிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் உள்ளே வந்தார். "ஏலக்கா நிறுக்குற தராசுல கோழித்தோலா? நாளைக்கி காய் வாங்க வர்றவன் மோந்து பாத்தா நான் என்னண்டு சொல்ல?" என்று கத்தினார். ஆனால் போகவில்லை. நின்று, இறக்கைத் தோலின் எடையை அவரும் எட்டிப் பார்த்தார்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது இதையெல்லாம் உணவியல் நிபுணரிடம் ஒப்பித்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். தோலை எடுத்துவிட்டால் கலோரிக் கணக்கில் கீழ்க்கால் கிட்டத்தட்ட நெஞ்சுக்கறிக்குப் பக்கத்தில்தான் வரும் என்றார். தொடை அதைவிடக் கொஞ்சம் கூடுதல். தோலோடு இருக்கிற இறக்கைதான் எல்லாவற்றுக்கும் மேலே. எந்தத் துண்டு என்பதைவிடத் தோல் உண்டா இல்லையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். நாட்டுக்கோழியை நம் பக்கம் மஞ்சள் பூசித் தீயில் வாட்டித் தோலோடுதான் வெட்டுவார்கள். சொந்தக்காரர்கள் கொண்டு வந்த அன்பு முழுவதும் தோலோடுதான் வந்து சேர்ந்திருந்தது.

நடையும் நெஞ்சுக்கறியுமாக முதலில் எடை நன்றாக இறங்கியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு நாள் காலையில் மிச்ச ஆணத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்தபோது விடை தெரிந்தது. மேலே ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு உறைந்து கிடந்தது. வீட்டாருக்காகத் தோலோடு போட்ட துண்டுகளின் கொழுப்பும், அரைத்த தேங்காயும், தாளித்த எண்ணெயும். என் நெஞ்சுத் துண்டு அதற்குள்தான் வெந்தது. சோற்றையும் நான் அந்த ஆணத்தில்தான் பிசைந்தேன். அன்று முதல் எனக்குத் தனிச்சட்டி. மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு வேகவைத்தது.

அன்வரின் சிக்கல் நேர் எதிர். டயாலிசிஸில் உடம்பின் புரதமும் கொஞ்சம் போய்விடும் என்பதால், முட்டை வெள்ளையும் கோழியும் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கோ கறி வாயில் இரும்புபோல இருந்தது. சாப்பிட ஆசைப்பட்டவளுக்கு உள்ளங்கை அளவு. சாப்பிட வேண்டியவனுக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. அதனால் டயாலிசிஸ் இல்லாத நாளில் அவனை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். உப்பைக் குறைத்து, ஒரு நெஞ்சுக்கறியை வேகவைத்து இரண்டாக அறுத்தேன்.

"அக்கா, வீட்டுக்கு வந்த தம்பிக்கு இந்தச் சக்கையவா வைப்பாக? கால் எங்க?" என்றான்.

"கால் எனக்கே கெடையாது. இத நீ முடிச்சாத்தான் நான் தொடுவேன்."

"நீ பட்டினி கெடந்து என்னய மெரட்டுறியா?" என்றான். ஆனாலும் மென்றான். நானும் மென்றேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, மருந்து விழுங்குகிறவர்கள்போல அதை முடித்தோம்.

அப்படி இருக்கும்போதே ஒரு நாள் அவனுக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோர்த்துவிட்டது. தேனியில் சேர்த்து, அவசரமாக டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த மும்தாஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எம்புட்டு மதினி?" என்று கேட்டாள். என் எடையைத்தான் கேட்டாள். இன்னும் மூன்று கிலோ இருந்தது. அந்த மூன்று கிலோவைச் சுமந்துகொண்டு அவள் எதிரில் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டை நிறுத்தினேன். தண்ணீரும் ஒரு வாய் மோரும் மட்டும். எடை மளமளவென்று இறங்கியது. ஆனால் மதுரையில் ரத்தம் எடுக்க உட்கார்ந்தபோதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிறுநீரைச் சோதித்ததில் பட்டினி கிடந்தது தெரிந்துவிட்டது. அத்தனை நாள் சிரித்துப் பேசிய அந்த உணவியல் பெண் அன்று கோபப்பட்டார்.

"கொழுப்பு குறைஞ்சாத்தான் எங்களுக்கு வேணும். நீங்க தசையைக் கரைச்சுட்டு வந்திருக்கீங்க. ஆபரேஷன் முடிஞ்சா புண்ணு எப்படி ஆறும்? தம்பிக்குக் குடுத்துட்டு நீங்க படுத்துக்கிறதுக்கா இவ்வளவும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை என் உடம்பை அவனுக்கும் எனக்கும் நடுவில் நிற்கிற சுவராகவே பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்த பிறகும் அந்த உடம்புக்கு ஒரு வாழ்க்கை வேண்டும், அதற்கும் தீனி வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அறுவை சிகிச்சையைத் தள்ளி வைத்தார்கள். திரும்பவும் உள்ளங்கை அளவு கோழி, திரும்பவும் நடை. இந்த முறை மெதுவாக. காத்திருக்கும் நாளெல்லாம் அன்வரின் கைபேசி எண் தெரிந்தாலே பயந்துகொண்டுதான் எடுப்பேன். இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அவசரம் வரும்போது பட்டினி கிடக்காதீர்கள். அது வேகமான வழி மாதிரித் தெரியும், ஆனால் நாட்களைத்தான் தின்னும்.

கடைசியில் முள் அவர்கள் சொன்ன இடத்துக்கு வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து எனக்கு நினைவு திரும்பியபோது, பொருத்திய சற்று நேரத்திலேயே சிறுநீர் பிரியத் தொடங்கிவிட்டது என்று சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மறுநாள் மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, எடுத்தது என்ன எடை இருக்கும் என்பதுதான். "ஒரு நூத்தம்பது கிராம் இருக்கும்மா." தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன். பத்துக் கிலோவை இறக்கிவிட்டு நூற்றைம்பது கிராமைக் கொடுத்திருக்கிறேன்.

மாற்று உறுப்பை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கத் தரும் மாத்திரையால் அன்வரின் முகம் உப்பியது, பசி பேயாய் எடுத்தது. இப்போது கலோரி பார்ப்பது அவன் முறை. போனில் கூப்பிட்டு, "அக்கா, இது ஒங் கிட்னியோட பசியா, எம் பசியா?" என்பான். நான் தோலை உரிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

ஐந்து வருடம் ஓடிவிட்டது. சில மாதங்களுக்கு முன்பு இரண்டு பேரும் பரிசோதனைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த மருத்துவர் திரையைப் பார்த்தபடியே, "இருக்கிற ஒண்ணு நல்லாப் பெருத்திருக்கும்மா" என்றார். எனக்குத் திக்கென்றது. பெருத்தது என்ற சொல்லுக்கு நான் அப்படிப் பயந்து பழகியிருந்தேன். "பயப்படாதீங்க. இன்னொண்ணோட வேலையையும் சேத்துப் பாக்குறதால வளந்திருக்கு. நல்லதுதான்" என்றார். அன்வருக்குள் இருப்பதும் அப்படியே வளர்ந்திருப்பதாகப் பிறகு அவனிடம் சொன்னாராம். ஜோடி போனது எனக்குள் இருக்கிறதுக்கு எப்படித் தெரிந்தது, எவ்வளவு வளர்ந்தால் போதும் என்று அதற்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவர் ஏதோ விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. இன்னொரு நாள் மீதியைக் கேட்க வேண்டும்.

வெளியே வந்து சீட்டு எழுதுகிற இடத்தில் அன்வரிடம் வயது கேட்டார்கள். "எனக்கு நாப்பது. உள்ள இருக்கிறதுக்கு நாப்பத்தாறு" என்றான். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அது உண்மை. என் வயது அவனுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. நோய் வந்தபோது அவன் நாற்பதைத் தொடுவான் என்று யாரும் எங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. முன்பெல்லாம் ஒரு வயது கூடினால் எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது எனக்கு இன்னும் நிறைய வயதாக வேண்டும்.