அரைக் கட்டை கம்மி

பாட்டுக் குழுவுக்கு யாராவது 'சங்கு' என்று பெயர் வைப்பார்களா? கும்மிடிப்பூண்டியில் கேட்காத ஆளில்லை. தணிகைவேலின் அப்பா ஆதிநாராயணன் ஒருபடி மேலே போனார். "கடைசீல எல்லாருக்கும் ஊதத்தான் போறாங்க. நீங்க ஏன்டா இப்பவே ஊதிக்கினு கீறீங்க?" என்றார்.

ஆனால் இவர்களின் சங்கு வேறு. தணிகைவேல் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் ஃபிட்டர். ஷிப்டு மாறும்போது அங்கே ஊதும் சங்கு சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் கேட்கும்.

2003-இல் அவனுடைய கூட்டாளி சர்ஃபராஸ், பர்மா பஜாரிலிருந்து ஒரு சிடி வாங்கி வந்தான். சர்ஃபராஸ் பழவேற்காட்டுப் பையன்; அவன் வாப்பா ஹயாத் பாஷாவுக்குக் கும்மிடிப்பூண்டி பஜாரில் துணிக்கடை. சிடியில் கிழிந்த சட்டையும் எண்ணெய் காணாத தலையுமாக நாலு வெள்ளைக்காரர்கள். அந்த மாதிரிப் பாட்டுக்கு கிரஞ்ச் என்று பெயராம். கிட்டார் இரும்பறுக்கிற சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். பாஷை புரியாவிட்டாலும், அவன் கத்தவில்லை, அழுகிறான் என்பது தணிகைக்குப் புரிந்துவிட்டது. மில்லில் நின்று அவனும் அப்படி அழ நினைத்ததுண்டு. அங்கே அழுதால் யாருக்குக் கேட்கும்?

தணிகை பழைய கிட்டார் ஒன்று வாங்கினான். சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிற சாலமோன் சேர்ந்துகொண்டான். சர்ஃபராஸ் பாடினான். ஆதிநாராயணனின் நெல்வயல் மோட்டார் ரூம்தான் இவர்களுக்குப் பயிற்சிக்கூடம். மோட்டார் ஓடினால் ஆம்ப்ளிஃபயர் படுத்துவிடும். பயிருக்குத் தண்ணீரா, பாட்டா என்று தினமும் பஞ்சாயத்து நடக்கும், பயிர்தான் ஜெயிக்கும்.

கிட்டாருக்குச் சுருதி சேர்க்கிற கருவி இவர்களிடம் இல்லை. சர்ச் கீபோர்டு ஞாயிற்றுக்கிழமை தவிர பூட்டியே கிடக்கும். தணிகைதான் வழி கண்டுபிடித்தான். ரெண்டு மணிச் சங்கு ஏறி, உச்சியில் ஆடாமல் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரத்துக்குள் தடிச்ச கம்பியை முறுக்கி அதோடு ஒட்ட வைத்துவிடுவான். மற்றக் கம்பிகள் அதன் பின்னால் வரும். குழுவுக்குப் பெயரும் அப்படித்தான் வந்தது.

சோழவரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசித்தார்கள். ரெண்டாவது பாட்டிலேயே மாப்பிள்ளையின் மாமா மேடையேறி, "தம்பிங்களா, ரொம்ப நல்லா கீது. நீங்க போய்ச் சாப்டுங்க" என்று கும்பிட்டார். சாப்பாடு நன்றாகவே இருந்தது. திரும்பி வரும்போது சர்ஃபராஸ், "நமக்கே புரியாத இங்கிலீஷ அவங்களுக்கு இன்னாத்துக்குப் பாடறோம்?" என்றான். அந்த வாரமே தமிழில் எழுதிவிட்டான்:

*நைட்டு ஷிப்டு முடிஞ்சி வந்தேன்,*
*நாயி கூட மொறைக்குது.*
*எங்க ஊட்டுக்கே நானு*
*இன்னா விருந்தாளியா?*

தணிகையைப் பார்த்து எழுதியதுதான். முதல் தடவை கேட்டபோது அவனுக்கு வாசிக்கக் கை வரவில்லை.

2007-இல் அந்தப் பாட்டுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. புதுக் குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து சென்னையில் சிலர் ஒரு சிடி போட்டார்கள், இதையும் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்டுடியோவில் ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள். ஆனால் அதே வாரக் கடைசியில் சர்ஃபராஸுக்கு மலேசியா விமானம். அவன் மாமாவின் கடைக்கு ஆள் வேண்டுமாம். ஹயாத் பாஷா முடிவெடுத்தால் எடுத்ததுதான். இந்த ஒரு பாட்டு பதிவாகாவிட்டால், இப்படி மூன்று பேர் வாசித்தார்கள் என்பதற்கு அந்த மோட்டார் ரூம்தான் சாட்சி. 

ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் துளசிராமன் கிட்டாரைச் சுருதிக் கருவியில் மாட்டிப் பார்த்தார். "இன்னாப்பா இது? எல்லாக் கம்பியும் அரைக் கட்டை கம்மி. அதுலயும் சரியா நிக்கல" என்று சொல்லிக்கொண்டே சுருதியை ஏற்றினார். சர்ஃபராஸ் பாடினான். 'விருந்தாளியா' என்கிற இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி பாடினான், மறுபடி உடைந்தது. அவர் சரியாக அரைக் கட்டை இறக்கிக் கொடுத்தார். குரல் எட்டியது, ஒட்டவில்லை. நாலு வருஷமாக அந்தத் தொண்டை ஒரே ஒரு சுருதியில் குடியிருந்துவிட்டது. அது எந்தக் கட்டையிலும் இல்லாத, மில்லுக்காரன் கட்டை.

எல்லாம் தன்னால்தான் என்று தணிகைக்கு உடம்பு கூசியது. நாலு வருஷம் தப்பாகவே முறுக்கியிருக்கிறோம்! சாலமோன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். சர்ஃபராஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தணிகை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ரெண்டு ஆகப் போகிறது. சட்டென்று செல்போனை எடுத்து மில் வாட்ச்மேன் சடையப்பனைக் கூப்பிட்டான்.

"சடையப்பண்ணே, தணிகை பேசறேன். சங்கு ஊதும்போது போனைத் தூக்கிப் புடி."

"லீவு போட்டுக்கினு சங்கு கேக்குதா உனக்கு? குடிச்சிகீறியா?"

"கால்ல வுழறேண்ணே. தூக்கிப் புடி!"

பிடித்தார். துளசிராமன் என்ன நினைத்தாரோ, ஓடி வந்து மைக்கை அந்தப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி சங்கு ஏறியது, நின்றது. தணிகை கம்பியை முறுக்கினான். இறங்கி முடிந்ததும் சர்ஃபராஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் பாடினான். உடையவில்லை. முடிந்ததும் மூன்று பேரும் வெட்கமில்லாமல் அழுதார்கள். துளசிராமன் பாட்டின் தொடக்கத்தில் அந்தச் சங்கை அப்படியே விட்டுவிட்டார்.

சிடி வந்தது. கொஞ்சம் பேர் கேட்டார்கள், ஒரு பத்திரிகையில் ரெண்டு வரி வந்தது, அவ்வளவுதான். சர்ஃபராஸ் கோலாலம்பூரில் கைலி விற்றான். சாலமோன் சர்ச்சுக்கே திரும்பினான். இரும்பு விலை விழுந்து, 2009-இல் மில்லை மூடினார்கள். தணிகை வேறு கம்பெனிக்குப் போனான். அங்கே சங்கு கிடையாது, கார்டு தேய்த்தால் போதும். லீவு நாட்களில் மோட்டார் ரூமில் சிடியைப் போட்டு, தொடக்கத்துச் சங்குக்குக் கம்பியை முறுக்கி வைப்பான். மில்லை மூடியதை சர்ஃபராஸிடம் மட்டும் அவன் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தணிகை மோட்டார் ரூமில் இருந்தபோது சர்ஃபராஸ் கூப்பிட்டான். "மச்சான், இங்க ஒரு பழைய கிட்டாரு வாங்கிட்டேன். அங்க ரெண்டாவப் போவுதுல்ல? போனை வெளிய காட்டு. சுருதி சேக்கணும்."

தணிகை போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தடிச்ச கம்பியை மெல்லச் சுண்டினான். சுருதியைப் பிடித்துக்கொண்டு போனைக் கிட்டே கொண்டுவந்தான். "ஊ…" என்று வாயாலேயே ஊதினான். பாடத் தெரியாதவன். ஏற்றி, நிறுத்தி, இறக்கினான். வரப்பில் இருந்த ஆதிநாராயணன் மண்வெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், சங்கு நடுங்குது?"

"காத்துடா."

அந்தப் பக்கம் ஒரு கம்பி முறுகுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் சேரல" என்றான் சர்ஃபராஸ். "இன்னொரு வாட்டி ஊது, மச்சான்."