மேட்டுப் பள்ளிக்குக் கீழே ஒரு குரல்

சுவிஸ் நாட்டின் பாசல் நகரத்தில் இருந்து வரும் ட்ராம் முடிகிற இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. ஊர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டாலும் அது நகரத்தின் ஓரம்தான். ஒரு காலத்தில் இங்கே நான்கு அரசாங்க ஆரம்பப் பள்ளிகள் இருந்தன. இன்று இரண்டுதான் நடக்கின்றன. மூடப்பட்டவற்றில் ஒன்று முதியோர் குடியிருப்பாகிவிட்டது. மற்றது மேட்டுப் பள்ளி. பிள்ளைகள் குறைந்துபோனதால் அதைப் பூட்டிவிட்டு, இடிப்பதா விற்பதா என்று வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் படித்தது அங்கேதான்.

இப்போது நான் இதே ஊரில் ஆசிரியை. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். ட்ராம் தரிப்பிடத்துப் பெரிய பள்ளியைத் திருத்த வேண்டி வந்தபோது, சின்ன வகுப்புகளை மேட்டுப் பள்ளிக்கு மாற்றினார்கள். சுவர்களுக்கு அவசரமாக ஒரு பூச்சு அடித்து, மேசை கதிரைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எனக்குக் கிடைத்தது கீழ்த்தளத்தின் கடைசி அறை. சுவரின் அடியில், தரையை ஒட்டி, காற்று வர ஒரு இரும்புக் கம்பித் தட்டி இருந்தது. நான் படித்த காலத்திலும் அது இருந்திருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை.

இலை உதிரத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை, பாடத்தின் நடுவே என்னுடைய ஒரே தமிழ் மாணவி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தாள். வகுப்பில் ஒருபோதும் தமிழ் பேசாத பிள்ளை.

"ரீச்சர், கீழ ஆரோ கதைக்கினம்," என்றாள்.

தண்ணீர்க் குழாய் என்று பக்கத்தில் இருந்த பையன் ஜெர்மனில் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் எல்லோரும் அமைதியானபோது எனக்கும் கேட்டது. தலையணைக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல ஓர் ஆணின் குரல், கம்பித் தட்டியின் பக்கத்தில் இருந்து வந்தது. முதலில் முணுமுணுப்பாக இருந்தது. பிறகு சொற்கள் பிரிந்தன.

"சத்தம் போடாதேங்கோ. மேல பிள்ளையள் படிக்கினம்."

பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், மீதி நேரத்தை அங்கேயே கழித்தேன்.

யாரிடம் சொல்வது? அந்தப் பள்ளியில் தமிழ் தெரிந்த பெரிய ஆள் நான் ஒருத்திதான். தரை தமிழில் பேசுகிறது என்று ஆசிரியர் அறையில் போய்ச் சொல்ல முடியுமா? சில நாட்கள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, பக்கத்து வகுப்பு ஆசிரியை கோப்பிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு தானாகவே சொன்னார். தன் பிள்ளைகள் பாடும்போது அடியில் யாரோ தாளம் போடுகிறார்களாம். பாட்டை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பள்ளிப் பராமரிப்பாளரைத் தேடிப் போனேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், அவசரப்படாத மனிதர். கீழே போர் வந்தால் ஒளிந்துகொள்ளும் பாதுகாப்பு அறை, பங்கர், இருக்கிறது, இந்த நாட்டில் எல்லாப் பள்ளிக்கும் கீழே இருப்பதுதான், கோடையில் தானே போய்ப் பார்த்ததாகவும் வெறும் கட்டில்கள்தான் இருந்ததாகவும் சொன்னார். போகத் திரும்பியவர் மறுபடி என் பக்கம் வந்தார்.

"முன்பு இலங்கை அகதிகளை அங்கே தங்க வைத்திருந்தார்கள். உங்கள் ஆட்கள்தான்."

அந்த அறைக்கு மேலே ஓடி விளையாடி வளர்ந்தவள் நான். என்னிடம் இதை ஒருவரும் சொன்னதில்லை. அன்று மாலை அம்மாவுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன்.

"அம்மா, மேட்டுப் பள்ளிக்குக் கீழ எங்கட ஆக்கள் இருந்தவையோ?"

"ஓம், பங்கருக்க விட்டிருந்தவை. உன்ர அப்பா அங்க இல்லை, அவர் வேற இடத்தில. பள்ளிக்கூடம் நடக்கேக்க மூச்சுக் காட்டக்கூடாது எண்டு சொல்லி வச்சிருந்தவையாம். இப்ப ஏன் கேக்கிறாய்?"

சும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, பிள்ளைகள் படம் கீறிக்கொண்டிருந்தபோது இருமல் கேட்டது. குழாய் இருமாது. நான் கம்பித் தட்டிக்கு முன்னால் முழங்காலில் குந்தினேன். உள்ளே இருந்து வந்த காற்றில் சீமெந்து மணத்தது.

"ஆர் அங்க?" என்று கேட்டேன்.

பிறகு, தட்டிக்கு மறுபக்கம் முகத்தை வைத்திருப்பதுபோல மிகக் கிட்டத்தில், "மணி அடிச்சிட்டுதோ?" என்றது குரல்.

பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் விட்டுவிட்டு, பராமரிப்பாளரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். ஆள் உயரத்துக்கும் மேலான சீமெந்துக் கதவைத் திறக்க அவர் உடம்பு முழுவதையும் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே மெத்தை இல்லாத கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசை வரிசையாக இருந்தன. பராமரிப்பாளரின் ரோச் லைட் வெளிச்சம் அவற்றின் கால்களுக்கிடையே போய், கடைசி வரிசையில் ஒரு சோடிச் சப்பாத்தில் நின்றது. துடைத்து, ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த சப்பாத்து. அதற்கு மேல், அடிக் கட்டிலில், குளிர்ச்சட்டை போட்ட ஒரு முதியவர் கைகளை மடியில் வைத்தபடி இருந்தார். எங்களைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தார்.

பராமரிப்பாளர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இந்த ஊர்ப் பள்ளிகளைப் பல வருடம் துப்புரவு செய்து ஓய்வுபெற்றவராம். தன்னோடு வேலை செய்தவராம்.

"ஐயா, இங்க என்ன செய்யிறியள்? வாங்கோ, மேல போவம்," என்றேன்.

"மெல்லக் கதை பிள்ளை. மணி அடிக்கட்டும்."

அவரை இழுத்துக்கொண்டு போக எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தோம். தலைக்கு மேலே என் பிள்ளைகள் கதிரையை இழுப்பதும், யாரோ ஓடுவதும் கேட்டது. மேலே இருக்கும்போது இவ்வளவு சத்தம் போடுகிறோம் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கண்கள் கூரையில் நகர்ந்தன. இடைவேளை மணி அடித்ததும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

பின்பக்க அவசரக் கதவின் திறப்புச் சாவி ஒன்று அவரிடம் இருந்திருக்கிறது. ஓய்வுபெறும்போது ஒருவரும் கேட்டு வாங்கவில்லை. ஆசிரியர் அறையில் அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, வீட்டுக்காரிக்கு ஃபோன் எடுத்தோம். அவருடைய மனைவி ஆஸ்பத்திரிச் சமையலறை உடுப்போடேயே ஓடிவந்தார்.

"காலமை நான் வேலைக்குப் போயிடுவன் பிள்ளை. மத்தியானம் வரேக்க கதிரையில இருந்து ரிவி பாத்துக்கொண்டிருப்பார். மறதி இருக்கெண்டு தெரியும். இப்பிடி வெளிக்கிட்டுத் திரியிறார் எண்டு தெரியாது."

"பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலத்திலயும் வந்தவரோ?" என்று நான் மனைவியிடம் கேட்டேன்.

பதில் சொன்னது முதியவர். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, நான் ஏதோ மடத்தனமாகக் கேட்டதுபோலப் பார்த்தார்.

"பூட்டிக் கிடந்ததோ? ஆர் சொன்னது? நான் வந்த நாளெல்லாம் பிள்ளையள் ஓடித் திரிஞ்சவை. வெள்ளிக்கிழமையில பாட்டும் படிச்சவை. நான் கீழ இருந்து கேக்கிறனான்."

அவர் என்ன சொல்கிறார் என்று பராமரிப்பாளர் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அந்த வருடங்களில் தண்ணீரையும் சூடாக்கியையும்கூட நிறுத்தித்தான் வைத்திருந்தோம், உள்ளே சத்தம் வர ஒன்றுமே இல்லை என்றார். பழைய நினைவுகள் கலந்துவிட்டன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படித்தான் இருக்கும். ஆனாலும் அந்த வருடம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில், கடைசிப் பிள்ளை வெளியேறியதும் நானும் வெளியேறிவிடுவேன்.

பூட்டை மாற்றினார்கள். முதியவர் பகலில் பராமரிக்கும் நிலையம் ஒன்றுக்குப் போகத் தொடங்கினார். அங்கே பரவாயில்லை, நன்றாகச் சாப்பிடுகிறார் என்று மனைவி சொன்னார்.

குளிர்காலம் முடியும்போது அந்த மனைவியே என்னைத் தேடி வந்தார். அன்று புதன் பிற்பகல், பள்ளியில் பிள்ளைகள் இல்லை.

"எனக்கு அந்த இடத்தை ஒருக்காக் காட்டுறியளோ?"

பராமரிப்பாளரிடம் திறப்பு வாங்கிக் கூட்டிக்கொண்டு போனேன். கணவர் இருந்த கட்டிலைக் காட்டியதும் அதில் உட்கார்ந்து, மேல் கட்டிலின் இரும்பைக் கையால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து இருக்க இடம் போதவில்லை.

"நான் ஊரில இருந்து பிறகுதானே வந்தனான். வந்த புதுசில எங்க இருந்தனீங்கள் எண்டு கேட்டனான். மேட்டில, நல்ல வெளிச்சமான வீடு, ஜன்னலால பாத்தால் பிள்ளையள் விளையாடுறது தெரியும் எண்டு சொன்னவர்."

சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஜன்னல் இல்லை.

"எத்தினை தரம் அந்த வீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டிருப்பன். இடிச்சுப்போட்டாங்கள் எண்டிட்டார்," என்றார்.

ட்ராம் தரிப்பிடம் வரை அவரோடு நடந்தேன். வண்டி வந்து நின்றது, கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. அடுத்ததில் போகிறேன், கொஞ்சம் காற்று வேண்டும் என்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.