பாகாலா கமலம்மாவும் தோல் சீவிய உருளைக்கிழங்கும்

1. "இன்னாதான் மிச்சம்?"

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டயட் கிச்சனுக்கு நான் இன்சார்ஜ். சொந்த ஊர் சித்தூர். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் லோ ஃபைபர் டயட்டில், அதாவது நார்ச்சத்துக் குறைந்த சாப்பாட்டில், எது சேர்க்கலாம், எது கூடாது என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களுக்கு நான் கமலம்மாவைப் பற்றிச் சொல்வேன்.

அன்றைக்கு சர்ஜிகல் வார்டிலிருந்து சிஸ்டர் போன் செய்தார். "மேடம், பாகாலா அம்மா இன்னிக்கும் துன்னல. டாக்டர் உங்களக் கூப்புடுறாரு."

கமலம்மாவும் அவர் வீட்டுக்காரர் வேலுவும் பாகாலா ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே போண்டா கடை வைத்திருக்கிறார்கள். குடலில் அடைப்பு வந்து ஆபரேஷன் ஆனது. குடல் ஆறும் வரைக்கும் வயிற்றில் ஒரு வழி வைத்து, மலம் இறங்க வெளியே பை மாட்டியிருந்தார்கள். பிறகு இன்னொரு ஆபரேஷன் செய்து அந்த வழியை மூடிவிடுவார்கள். ஆனால் வீட்டுக்குப் போனவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து அட்மிட் ஆகியிருந்தார்.

"வெயிட் ஏறலைன்னா ரெண்டாவது ஆபரேஷன் பண்ண முடியாதும்மா. உடம்பு தாங்காது" என்றார் டாக்டர்.

நான் போனபோது கமலம்மா மசித்த உருளைக்கிழங்கை ஸ்பூனில் தூக்கிக் காட்டினார். "இது இன்னா மேடம், செவுத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பாட்டம்?"

"நீங்க கடையில எப்படிம்மா செய்வீங்க?"

"உருளக்கெழங்க தோலோட வேகவெச்சு மசிப்பேன்."

"தோல் ஆகாது."

"பட்டாணி?"

"கூடாது."

"வெங்காயம், பச்சமொளகா, கடுகு, கொத்தமல்லி?"

"இப்போதைக்கு வேணாம்மா. குடல் இன்னும் ஆறல."

"அப்பறம் இன்னாதான் மிச்சம்?"

"உருளைக்கிழங்கு மிச்சம்."

வேலு சிரித்துவிட்டார். கமலம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சாப்பிடவில்லை.

2. வடிகட்டிய நெய்

எங்கள் கிச்சன் மாஸ்டர் முனிரத்னம். நானும் அவரும் உட்கார்ந்து யோசித்தோம். நார் உள்ளே போகக் கூடாது, வாசனை போகலாமே. கொஞ்சம் நெய்யில் நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டுப் பொரியவிட்டு, டீ வடிகட்டியில் வடித்தோம். சக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு நெய்யை மட்டும் எடுத்துக்கொண்டோம். தோல் சீவிக் குழைய வேகவைத்த உருளைக்கிழங்கை அதில் பிசைந்து, மஞ்சள், உப்பு சேர்த்து, விதையில்லாமல் எலுமிச்சை பிழிந்தோம்.

கமலம்மா ரெண்டு வாய் சாப்பிட்டார். "இப்பதான் கெழங்கு கெழங்கா இருக்குது" என்றார். அவ்வளவுதான், தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

ஒவ்வொரு வாய்க்கும் அவர் இடது கை புடவைக்குள் போய்ப் பையைத் தொட்டுப் பார்ப்பதை அப்போதுதான் கவனித்தேன். வேலுவை டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ருசியில்லன்னு சொன்னதெல்லாம் சும்மாதானேம்மா?"

கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "துன்னா பை ரொம்புது மேடம். துன்னாம இருந்தா ரொம்பாதுன்னு பாத்தேன். கடையில நின்னுக்கினு இருக்கும்போது ரொம்பிப்போச்சுன்னா? பை கட்டிக்கினு கீறவ கையால யாரு போண்டா வாங்கித் துன்னுவாங்க?"

சாப்பிடாவிட்டாலும் பை நிரம்பத்தான் செய்யும், வெறும் தண்ணீராகப் போய் உடம்பு வற்றும், உருளைக்கிழங்கும் சோறும் சாப்பிட்டால்தான் வெளியே போவது கெட்டிப்படும் என்று எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. அந்தப் பயம் என் வாய்ப்பேச்சில் போகாது என்று புரிந்தது.

3. கல்லில் போட்ட வடை

டாக்டரிடம் பர்மிஷன் வாங்கி, மறுநாள் மத்தியானம் வார்டு சாப்பாடெல்லாம் போன பிறகு, வீல்சேரில் கமலம்மாவைக் கிச்சனுக்குக் கூட்டிவந்தேன். "அம்மா, இந்தக் கெழங்கை வேற எப்படிச் செய்யலாம்? நீங்களே சொல்லுங்க."

கை கழுவி, தொப்பியும் ஏப்ரனும் போட்டுக்கொண்டதும் ஆளே மாறிவிட்டார். வடிகட்டிய நெய் விட்டு மசித்த கிழங்கில் கொஞ்சம் மைதா சேர்த்துப் பிசைந்தார். உள்ளங்கையில் வைத்து வடை மாதிரி தட்டினார். "எண்ணெயில போடக் கூடாது இல்ல? அப்ப கல்லுல போடு" என்று முனிரத்னத்தை அதட்டினார்.

அடுத்த வடையைத் தட்டும்போது பையிலிருந்து கர்ரென்று சத்தம் வந்தது. எல்லோருக்கும் கேட்டது. கமலம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கையிலிருந்த வடையைக் கீழே வைக்கப் போனார்.

முனிரத்னம் கல்லிலிருந்து ஒரு வடையை எடுத்து, ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டார். "சால பாகுந்தம்மா!" என்றார் தெலுங்கில். பிறகு தமிழில், "ரொம்ப நல்லா கீதும்மா. கைல கீறதையும் போடுங்க, அது எனக்கு" என்றார். பாத்திரம் தேய்க்கிற லட்சுமியும் தட்டை நீட்டினார். நானும் நீட்டினேன். யாரும் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை.

கமலம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த வடையைக் கல்லில் போட்டார். எங்களுக்கெல்லாம் கொடுத்த பிறகு தனக்கும் எடுத்துக்கொண்டு, நாங்கள் சொன்னபடி நன்றாக மென்று சாப்பிட்டார். இந்த முறை இடது கை புடவைக்குள் போகவில்லை.

4. பிறகு

வெயிட் ஏறியது. இரண்டாவது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குடல் பழகியதும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, இப்போது எல்லாம் சாப்பிடுகிறார். கடையும் நடக்கிறது.

போன வருஷம் சித்தூரிலிருந்து ஒரு டீச்சரம்மா அதே மாதிரி பையோடு வார்டில் சாப்பிடாமல் கிடந்தார். கமலம்மாவுக்குப் போன் செய்தேன். கடையை வேலுவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். டீச்சரம்மா இருந்த ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

எது கூடாது என்று நோயாளிக்குச் சொல்வது நம் வேலைதான், அதில் தவறக் கூடாது. ஆனால் ஒருவர் சாப்பாடு வேண்டாம் என்றால், அவர் வேண்டாம் என்பது சாப்பாட்டைத்தானா என்று உட்கார்ந்து கேளுங்கள். நான் அதைக் கற்றுக்கொண்டது கமலம்மாவிடம்.